தேடிப் போகிறவர்களின் ஈஸ்டர்

குமரிக் கடற்கரைப் பங்குகளில் உயிர்ப்பு நம்பிக்கை ஓர் இரவுத் திருப்பலியோடு முடிந்துவிடுவதில்லை. பெரிய வெள்ளிக் கஞ்சியிலிருந்து, கடலில் காணாமல் போனவர்களின் பட்டியல் எழுதுவது வரை அதை ஊரே சேர்ந்து சுமக்கிறது.

பெரிய வெள்ளியன்று குமரிக் கடற்கரையில் வள்ளங்கள் கடலுக்கு இறங்குவதில்லை. மீன் ஏலம் நடக்கும் மணல்திட்டு வெறிச்சோடிக் கிடக்கும். கோயில் மணியும் ஒலிக்காது. பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் வானவர் கீதத்தோடு அடித்து ஓய்ந்த மணி, சனிக்கிழமை இரவு அதே கீதம் மறுபடி பாடப்படும்போதுதான் வாய் திறக்கும். இடைப்பட்ட நேரத்தில் மரக்கட்டையைத் தட்டித்தான் மக்களை அழைப்பார்கள்.

ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளும் இந்தக் கரையில், ஊர் என்றாலும் பங்கு என்றாலும் பெரும்பாலும் ஒன்றுதான். கிழக்கிலும் நடுவிலும் உள்ள ஊர்கள் கோட்டாறு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. மேற்கே தூத்தூர் வட்டார ஊர்கள் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தின் கீழ் வருகின்றன. ஆழ்கடல் தொழிலுக்குக் கொச்சி, குஜராத் என்று போயிருக்கும் ஆண்களில் முடிந்தவர்கள் பெரிய வாரத்துக்கு ஊர் திரும்பப் பார்ப்பார்கள்.

இங்கே ஈஸ்டரைப் புரிந்துகொள்ள நற்செய்தியின் ஒரு காட்சியை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இயேசு இறந்த மூன்றாம் நாள் விடியற்காலையில் சில பெண்கள் நறுமணப் பொருள்களோடு கல்லறைக்குப் போனார்கள். அவர் உயிர்த்திருப்பார் என்று எதிர்பார்த்து அவர்கள் போகவில்லை. அவசர அவசரமாக அடக்கம் செய்யப்பட்ட உடலுக்குச் செய்ய வேண்டிய கடமை பாக்கி இருந்தது. அதைச் செய்யப் போனார்கள். வாசல் கல்லை யார் புரட்டுவார் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. இறந்தவரைத் தனியே விடக் கூடாது என்று கிளம்பியவர்களுக்குத்தான் உயிர்ப்பின் செய்தி முதலில் கிடைத்தது.

என் பார்வையில், ஒரு பங்கின் ஈஸ்டர் நம்பிக்கையை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. இறந்தவர்களையும் காணாமல் போனவர்களையும் ஒதுக்கப்பட்டவர்களையும் தேடிப் போகிற பங்கு, உயிர்ப்பை நம்புகிறது. குமரிக் கரையின் கதை இந்த அளவுகோலுக்கு நன்றாகவே ஈடுகொடுக்கிறது. சில இடங்களில் அது நம்மை வெட்கப்படவும் வைக்கிறது.

மக்களிடம் திரும்பி வந்த இரவு

சனிக்கிழமை இரவு கோயில் விளக்குகள் அனைத்தும் அணைக்கப்படும். மக்கள் வெளியே முற்றத்தில் விறகுக் குவியலைச் சுற்றி நிற்பார்கள். புதுத்தீ மூட்டி மந்திரிக்கப்பட்டதும் பாஸ்காத் திரியைக் குருவிடம் கொண்டுவருவார்கள். அவர் அதன் மேல் சிலுவை ஒன்றைக் கீறுவார். சிலுவைக்கு மேலும் கீழும் முதலும் முடிவுமான எழுத்துகள். நான்கு மூலைகளிலும் நடப்பு ஆண்டின் நான்கு இலக்கங்கள். ஐந்து காயங்களை நினைவூட்டும் ஐந்து சாம்பிராணி மணிகள் அதில் பதிக்கப்படும். புதுத்தீயிலிருந்து திரி பற்றவைக்கப்பட்டு, இருண்ட கோயிலுக்குள் நுழையும். வழியில் மூன்று முறை நின்று, கிறிஸ்துவே ஒளி என்று அறிவிப்பார்கள். அந்தத் திரியிலிருந்து ஒருவர், அவரிடமிருந்து அடுத்தவர் என்று, காகிதக் குப்பியில் செருகிய மெழுகுத்திரிகள் ஒவ்வொன்றாக ஏறும். பாஸ்கா புகழுரை தொடங்கும்போது கோயில் முழுக்க மக்களின் கையில் இருக்கும் வெளிச்சம்தான்.

இந்தக் காட்சி காலங்காலமாக இப்படியே இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1950-கள் வரை உலகெங்கும் கத்தோலிக்கக் கோயில்களில் இந்தத் திருவிழிப்பு சனிக்கிழமை காலையிலேயே நடந்து முடிந்துவிடும். இரவைப் புகழ்ந்து பாடும் பாடலைச் சூரிய வெளிச்சத்தில் இலத்தீனில் பாடுவார்கள். கூட்டமும் குறைவாகவே இருக்கும். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1951-ல் இதை இரவுக்கு மாற்றச் சோதனை முறையில் அனுமதி தந்தார். 1955-ல் பெரிய வாரச் சடங்குகள் முழுவதையும் சீர்திருத்தினார். அடுத்த ஆண்டு முதல் அது எங்கும் நடைமுறைக்கு வந்தது. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஏற்றுக்கொண்ட திருவழிபாட்டு ஏடு மக்களின் மொழிக்குக் கதவைத் திறந்தது. மீனவத் தாய் ஒருத்தி படைப்பின் கதையையும் விடுதலைப் பயணத்தின் கதையையும் ஈஸ்டர் இரவில் தன் தமிழில் கேட்டது அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது மாற்றம் அண்மையது. பெரிய வியாழனன்று குரு பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவும் சடங்கில் ஆண்கள் மட்டுமே உட்கார வேண்டும் என்பது விதியாக இருந்தது. 2013-ல் திருத்தந்தை பிரான்சிஸ் ரோமில் சிறார் சிறை ஒன்றுக்குப் போய், இளம்பெண்கள் உட்பட அங்கிருந்தவர்களின் பாதங்களைக் கழுவினார். 2016 ஜனவரியில் விதியே மாற்றப்பட்டது. இறைமக்கள் எல்லாரிடமிருந்தும் ஆள்களைத் தேர்ந்துகொள்ளலாம் என்றானது. அதே ஆண்டில் மகதலா மரியாவின் நினைவு நாளும் திருத்தூதர்களின் நாள்களுக்கு நிகரான விழாவாக உயர்த்தப்பட்டது. விடியற்காலையில் கல்லறைக்குப் போனவளுக்குத் திருவழிபாட்டு நாள்காட்டியில் அந்த இடம் கிடைக்க இருபது நூற்றாண்டு ஆயிற்று. மீன்கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக நடந்த பாதங்களைப் பங்குத்தந்தை குனிந்து கழுவித் துடைக்கும்போது, அந்த மாற்றத்தின் பொருளை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நேரம், மொழி, இடம் மூன்றும் திரும்பக் கிடைத்ததால்தான் ஈஸ்டர் பங்கின் சொத்தாயிற்று.

கைமணியிலிருந்து அன்பியம் வரை

பங்கு ஊரின் முதுகெலும்பான கதை 16-ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. 1530-களில் முத்துக்குளித்துறையில் பரதவர்கள் திரளாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542-ல் புனித பிரான்சிஸ் சவேரியார் அங்கு வந்தார். 1544-ன் இறுதியில் மேற்கே, இந்தக் குமரிக் கரையும் அடங்கிய திருவிதாங்கூர்க் கரைக்கு வந்து, ஒரே மாதத்தில் 10,000-க்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாகத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அவர் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. கைமணியை அடித்துக்கொண்டு தெருவில் நடப்பார். சேர்ந்த சிறுவர்களுக்குத் தமிழில் மொழிபெயர்த்த செபங்களை மனப்பாடம் செய்யக் கற்றுக்கொடுப்பார். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவரால் எல்லா ஊரிலும் தங்க முடியாது. எனவே ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை வைத்துச் செபம் சொல்லவும் அவசரத்துக்குத் திருமுழுக்குக் கொடுக்கவும் பொறுப்பளித்தார். குரு இல்லாத மாதங்களில் நம்பிக்கையைக் காத்தவர்கள் இந்தப் பொதுநிலையினர்தான். பின்னாளில் அந்த இடத்தை உபதேசியார்கள் நிரப்பினார்கள்.

கோயிலை நடத்தும் செலவையும் கடல்தான் கொடுத்தது. ஏலத்தில் விழும் தொகையில் ஒரு பங்கு கோயிலுக்குப் போகும். தெறிப்பு, குத்தகை என்ற பெயர்களில் அது வசூலானது. மீன்பாடு இல்லாத காலத்திலும் வசூல் கெடுபிடியாக நடந்த ஊர்கள் இருந்தன. அதனால் மனக்கசப்பும் வளர்ந்தது. ஆனால் அதே கோயில் அமைப்பே கடன்காரரின் பிடியிலிருந்து மீனவரை விடுவிக்கும் முயற்சியிலும் இறங்கியது. 1930-ல் கொல்லத்திலிருந்து பிரிந்து உருவான கோட்டாறு மறைமாவட்டம் 1960-களில் சமூக சேவைச் சங்கம் ஒன்றைத் தொடங்கியது. ஊர்தோறும் மீனவர் சங்கங்கள் எழுந்தன. முட்டத்தில் படகு கட்டும் மையம் வந்தது.

இன்று பங்கின் உயிர் அன்பியங்களில் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வீடுகளான முப்பது, நாற்பது குடும்பங்கள் சேர்ந்தது ஓர் அன்பியம். வாரம் ஒருமுறை ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையிலோ முற்றத்திலோ கூடுவார்கள். நற்செய்தி வாசிப்பார்கள், அதற்குப் பிறகு தெருக்குழாயில் தண்ணீர் வராதது, ஒரு வீட்டுப் பையன் படிப்பை நிறுத்தியது, இன்னொரு வீட்டில் மருத்துவமனைச் செலவு என்று பேச்சு நீளும். கூட்டத்தில் பெரும்பாலும் பெண்களே இருப்பார்கள்.

பெரிய வாரம் இவர்களின் தோளில்தான் நடக்கிறது. குருத்தோலை வெட்டி வருவதும் கிழிப்பதும் ஓர் அன்பியம். சிலுவைப்பாதையின் 14 நிலைகளையும் தெருவில் அமைப்பது வேறு சில. வியாழன் இரவு நற்கருணைக்கு முன் மணிக்கணக்குப் பார்த்து முறைவைத்து விழித்திருப்பது எல்லாரும். பாடகர் குழு தவக்காலம் தொடங்கியதிலிருந்தே பயிற்சியில் இருக்கும். பீடச்சிறார்கள் சாம்பிராணித் தூபக்கலசத்தைச் சிந்தாமல் வீசப் பழகுவார்கள். வெள்ளியன்று மூன்று மணி வழிபாடும் சிலுவை முத்தியும் முடிந்து, பல பங்குகளில் கோயில் வளாகத்திலேயே கஞ்சி ஊற்றுவார்கள். காலையிலேயே அடுப்பு மூட்டி, அண்டாவில் அரிசியைக் கொதிக்கவிட்டு, பயறு தனியாக வேகவைத்து, தேங்காய் துருவிப் போட்டு இறக்கும் வேலை பெண்களும் இளைஞர்களும் சேர்ந்து செய்வது. நாள் முழுக்க ஒருசந்தியாக இருந்தவர்கள் வரிசையில் நின்று ஒரே அண்டாவிலிருந்து வாங்கிக் குடிக்கிறார்கள். விசைப்படகு முதலாளியும் அவரிடம் கூலிக்குப் போகிறவரும் அந்த வரிசையில் அடுத்தடுத்து நிற்க முடிகிறது.

கடல் திருப்பித் தராதவர்கள்

திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு வாசகங்கள் வரை உண்டு. நேரம் கருதிச் சிலவற்றைக் குறைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது: கடல் பிளந்து இஸ்ரயேல் மக்களுக்கு வழிவிட்ட பகுதி. குமரிக் கரையில் அந்த வாசகத்தைக் கேட்பவர்கள், கடல் வழிவிடாத வீடுகளிலிருந்து வந்திருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கரையில் ஞாயிறு தொழிலுக்குப் போகாத நாள். கோயிலுக்கும் வீட்டுக்குமான நாள். கடலில் ஆள் குறைவு, கரையில் குடும்பம் குடும்பமாக மக்கள். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று ஊர்களுக்குள் ஏறிய சுனாமி, மாவட்டத்தில் ஏறத்தாழ 800 உயிர்களைக் கொண்டுபோயிற்று. குழந்தைகளும் பெண்களும் அதில் ஏராளம். உடல்களைத் தேடி எடுத்து, அடையாளம் கண்டு, பெருங்குழிகளில் அடக்கம் செய்ததில் பங்குத்தந்தையரும் கன்னியரும் ஊர் இளைஞர்களும் முன்னின்றார்கள். கோயில்களும் பள்ளிக்கூடங்களும் தங்குமிடங்களாயின. ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று அந்த ஊர்களில் நினைவுத் திருப்பலியும் கல்லறைப் பவனியும் நடக்கின்றன. கிறிஸ்துமஸுக்கு மறுநாளே துக்க நாள் என்பதோடு வாழ இந்த மக்கள் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒக்கி இன்னொரு விதமான காயம். 2017 நவம்பர் 29-30 இரவில் புயல் கடந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. குமரி மாவட்டத்திலிருந்து மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. தூத்தூர் வட்டாரத்தில் துக்கம் விழாத தெருவே இல்லை என்றாயிற்று. சுனாமியில் கரையில் உடல்கள் கிடைத்தன. ஒக்கியில் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

அந்த நாள்களில் பங்கு அலுவலகம் என்ன செய்தது என்பதை உற்றுப் பார்க்க வேண்டும். வீடு வீடாகப் போய் எழுதினார்கள்: பெயர், வயது, படகின் பெயர், எந்தத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது, உடன் போனவர்கள் யார், கடைசியாக எப்போது பேசினார்கள். கரை திரும்பியவரின் பெயரைத் தாளில் அடித்தார்கள். அடிக்கப்படாத பெயர்கள் நின்றுகொண்டே இருந்தன. காணாமல் போனவர்களின் எண்ணிக்கையில் அரசின் கணக்கும் பங்குகளின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. பங்குகள் தங்கள் பட்டியலை விட்டுக்கொடுக்கவில்லை. மீனவர்களே தங்கள் படகுகளில் தேடக் கிளம்பினார்கள். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான மக்கள், குருக்களும் பெண்களும் முன்வரிசையில் நிற்க, குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். அவர்களின் முதல் கோரிக்கை, எங்கள் ஆள்களைத் தேடுங்கள் என்பதே.

பிறகு வந்தது சட்டத்தின் சுவர். காணாமல் போனவர் இறந்துவிட்டதாகக் கருத ஏழு ஆண்டு கடக்க வேண்டும் என்பது பொது விதி. உடல் இல்லை என்றால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லை என்றால் நிவாரணம் இல்லை. அந்த விதியைத் தளர்த்த வைக்கும் வரை பங்குகளும் மீனவர் அமைப்புகளும் மனுக்களோடு நடந்தன. அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று ஈஸ்டர் வந்தது. கணவனின் உடலைப் பார்க்காமலே விதவையான பெண்கள் அந்தத் திருவிழிப்பில் மெழுகுத்திரியைப் பிடித்தார்கள். கல்லறையில் உடல் இல்லை என்று நற்செய்தி வாசிக்கப்படும்போது அவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று வெளியே இருக்கும் நாம் எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆறுதல் மொழிகள் போதாத இடம் அது. ஆனால் அந்தப் பெண்களைத் தனியே உட்காரவிடாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அன்பியம், விண்ணப்பம் எழுதக் கூடவே அலைந்த உபதேசியார், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வழி பார்த்த பங்கு, இவையெல்லாம் அவர்கள் கண்ணால் பார்த்த உயிர்ப்பு.

நடுவில் நின்ற சுவர்

தேடிப் போவதில் இந்தக் கரைக்கு ஒரு முன்னோடி உண்டு. நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசில் பணியாற்றியவர். குளச்சல் போரில் பிடிபட்டு மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படைக்குத் தளபதியான, டச்சுக் கம்பெனியின் முன்னாள் படை அதிகாரி டி லனாய் மூலம் கிறிஸ்துவை அறிந்தார். 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தாழ்த்தப்பட்டவர்களோடு வேறுபாடின்றிப் பழகி, உடனமர்ந்து உண்டார். சிறையும் சித்திரவதையும் அனுபவித்து, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடலைக் காட்டில் எறிந்துவிட்டுப் போனார்கள். நம்பிக்கையாளர்கள் தேடிப் போய், கிடைத்த எலும்புகளைத் திரட்டிக் கோட்டாறு புனித சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள். 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவரே.

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் அடுத்த நூற்றாண்டில் எழுந்த கோயிலையும் நாம் பார்த்தாக வேண்டும். பீடத்திலிருந்து இரண்டு கால்களாகப் பிரிந்து, சாதிக்கொரு பக்கமாக, நடுவே தடுப்புச் சுவரோடு அது கட்டப்பட்டது. ஒரே பீடத்தில் ஒரே அப்பம் பிட்கப்பட்டது. அதைப் பெற வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. 1910-ல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. சுவர் மறுபடி வேண்டும் என்று ஒரு தரப்பினர் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுக்கு இசைந்து தீர்ப்பளிக்கவில்லை.

கல் சுவர் போய் நூற்றாண்டு கடந்துவிட்டது. தமிழகப் பங்குகளில் தனிக் கல்லறை, தனித் தேர்ப்பாதை என்று கண்ணுக்குத் தெரியும் சுவர்களும் தெரியாத சுவர்களும் இன்னும் உண்டு. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருப்பதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. இன்னொரு பக்கம், தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியினருக்கான உரிமைகளிலிருந்து விலக்கும் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இன்றும் நீடிக்கிறது. ஆலயத்துக்குள்ளும் அரசிடமும் இரட்டை இழப்பைச் சந்திப்பவர்கள் அவர்கள்.

திருவிழிப்பில் பாஸ்காத் திரியைத் தண்ணீரில் இறக்கி மந்திரித்து, திருமுழுக்கு வாக்குறுதிகளை அனைவரும் புதுப்பித்த பிறகு, அந்தத் தண்ணீரை எல்லார்மேலும் தெளிக்கிறார்கள். எந்தத் துளி யார் மேல் விழ வேண்டும் என்று யாரும் பிரித்துத் தெளிப்பதில்லை. அந்த இரவில் ஒன்றாக நனைந்தவர்களை இறந்த பிறகு வெவ்வேறு கல்லறைத் தோட்டத்துக்குப் பிரித்து அனுப்புவது, உயிர்ப்பையே மறுப்பதாகும். இதைவிட மென்மையாக இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐம்பது நாள் இருக்கிறது

தவக்காலத்துக்கு 40 நாள். உயிர்ப்புக் காலத்துக்கு, பெந்தக்கோஸ்து வரை, 50 நாள். சாம்பல் பூசிய நாளிலிருந்து கணக்கு வைத்து நோன்பிருக்கும் நாம், ஈஸ்டர் ஞாயிறு பிரியாணியோடு எல்லாம் முடிந்தது என்று கடையைக் கட்டிவிடுகிறோம். பழைய திருச்சபையில் ஈஸ்டர் இரவில் திருமுழுக்குப் பெற்றவர்களைக் கைபிடித்து நடத்தி, சமூக வாழ்வுக்குள் கொண்டுவந்தது இந்த நாள்களில்தான்.

உயிர்ப்பு வாரத்து வெள்ளிக்கிழமை, ஆண்டு தவறாமல் ஒரு மீனவக் கதை வாசிக்கப்படுகிறது. பேதுருவும் தோழர்களும் இரவெல்லாம் வலை வீசியும் பாடு இல்லாமல் விடிகிறது. கரையில் நிற்பவர் சொன்ன பக்கம் வலையை இறக்கினால் 153 பெரிய மீன்கள். மீனை எண்ணிப் பார்த்தார்கள் என்பதை ஏலக்கரை அறிந்த எவரும் உடனே நம்புவார்கள். கரைக்கு வந்தால் கரிநெருப்பின் மேல் மீனும் பக்கத்தில் அப்பமும் தயாராக இருக்கின்றன. சாவை வென்றவர் களைத்து வந்த தொழிலாளிகளுக்குக் காலைச் சாப்பாடு செய்துவைத்துக் காத்திருக்கிறார். ஒருவரையும் அவர் கேள்வி கேட்டு நிறுத்தவில்லை. முதலில் சாப்பிடக் கூப்பிட்டார்.

ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் ஏதாவது ஒரு ஞாயிறன்று வரும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. சின்னமுட்டத்தில் படகுகள் கட்டிக் கிடக்க, ஆண்கள் வீட்டில் இருக்கும் காலம். பிள்ளைகளுக்கும் கோடை விடுமுறை. பங்கு வாழ்வைச் செப்பனிட இதைவிட வசதியான நாள்கள் ஆண்டில் வேறு இல்லை.

செய்ய வேண்டியவை ஒவ்வொரு பங்கிற்கும் தெரிந்தவையே. புதுத் தண்ணீரோடு வீடு மந்திரிக்கப் போகும்போது, கடலில் ஆளை இழந்த வீடுகளுக்கு முதலில் போகலாம். ஓய்வூதியமும் நிவாரணமும் வந்து சேர்ந்தனவா என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். அன்பியத்தைச் சுமக்கும் பெண்களுக்குப் பங்குப்பேரவையில் தீர்மானிக்கும் இடத்தையும் கொடுக்கலாம். கோயில் கணக்கை ஊர் முன்னால் வாசிக்கலாம். பிரிந்து கிடக்கும் கல்லறைகளுக்கு நடுவே உள்ள வேலியை எடுப்பது பற்றிப் பேச்சைத் தொடங்கலாம். இவற்றில் எதற்கும் ஆயரின் அனுமதிக் கடிதத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கூடிப் பேச ஒரு முற்றமும், பேசியதைச் செய்யும் மனமும் போதும். சவேரியார் கைமணி அடித்த காலத்திலிருந்து இந்தக் கரை மக்கள் குருவுக்காகக் காத்திராமல் நம்பிக்கையைக் காத்தவர்கள். அவர்களால் இது முடியும். அவர்கள் செய்து காட்டினால், மற்ற பங்குகள் சாக்குச் சொல்ல இடமிருக்காது.